வாச்சாத்தி வழக்கு ஏறிய நீதிமன்றப் படிகள்

திங்கட்கிழமை தோறும் தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பட்டா, உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு என்று மனுவோடு போகிறோம். ஆனால் கலெக்டர் ஒரு நிர்வாகி. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. அரசு ஊழியர்களே குற்றம் செய்தால் யாரிடம் போவது? இதற்கான பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி மக்களின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், மக்களை அடித்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இவ்வளவுக்கும் பிறகு சிறைக்குப் போனவர்கள் ஊர் மக்கள்தான்!

வழக்கமான பாதை இது: காவல் நிலையத்தில் புகார், பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய குற்றங்களை மாவட்டத் தலைநகரில் உள்ள செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். வாச்சாத்தியில் போலீசாரே குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவர்கள் மாநில அரசின் கீழ் இருப்பவர்கள். அதனால் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அது சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகச் சொன்னது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையும், 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும் நேரடியாக நாடலாம். 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்திய அரசின் சிபிஐயிடம் ஒப்படைத்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். மற்ற 215 பேருக்கும் தண்டனை. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. பத்தொன்பது வருடத் தாமதம் சிறிய விஷயமல்ல. ஆனாலும் உயர் அதிகாரிகளும் தப்பவில்லை. மேல்முறையீட்டில் நீதிபதி பி. வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் ரூ.10 லட்சம் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

நம் மஹல்லாக்களில் குடும்பப் பிணக்கு, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றை ஜமாஅத் பேசி முடிக்கலாம், நல்லதுதான். பாலியல் வன்கொடுமையை அப்படிப் பேசி மூடிவிட முடியாது, மூடவும் கூடாது. காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசியில் கேட்க: 15100.