பிழைத்த செடியின் விதை



யூபிலி ஆண்டு வந்ததும் நாம் பழைய கல்வெட்டுகளைத் துடைத்துப் பெயர்களைப் படிக்கிறோம். அவற்றில் உள்ள பெயர்கள் சில, இல்லாதவை பல. சுண்ணாம்பு அரைத்தவர், மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஆகியோரின் பெயரை எந்தக் கல்லும் சொல்வதில்லை. வாழ்ந்தபோது அப்படி அறியப்படாதிருந்து, மறைந்த பின்னர் போற்றப்பட்ட ஓர் உழவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் வெண்டலின் கிரிம்.

கிரிம் 1818-ஆம் ஆண்டு பாடன் நாட்டில் கியூல்ஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். ஜெர்மனி அப்போது ஒரே நாடாக இல்லை. பாடன் தனி ஆட்சியாக இருந்தது. 1840-களில் அங்கே விளைச்சல் பொய்த்தது. 1848-49-இல் புரட்சியும் அதை அடக்கிய படைகளும் மக்களை அலைக்கழித்தன. அக்காலத்தில் பல்லாயிரம் பேர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். கிரிமும் 1857-இல் மனைவி மக்களோடு மினசோட்டாவுக்குச் சென்று, கார்வர் மாவட்டத்துப் பெருங்காட்டில் நிலம் வாங்கினார்.

அவர் கொண்டு சென்ற மூட்டை முடிச்சுகளில் ஒரு சிறு மரப்பெட்டியும் இருந்தது. அதில் இருந்தவை இருபது பவுண்டுக்கும் குறைவான விதைகள். அவருடைய ஊரார் அப்பயிரை 'என்றும் வாழும் தீவனப்புல்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். நம் நாட்டு உழவர் குதிரை மசால் என்று சொல்வது இதையே. ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் அறுக்கலாம். கால்நடைக்குச் சிறந்த தீவனம். வேரில் வாழும் நுண்ணுயிர்களால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும்.

1858-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் அவ்விதையை விதைத்தார். ஆனால் மினசோட்டாவின் பனிக்காலம் பாடனின் பனிக்காலம் அன்று. மண்ணே உறைந்துபோகும் அக்குளிரில் பெரும்பாலான செடிகள் மடிந்தன. 'என்றும் வாழும்' என்ற பெயரே பொய்யாயிற்று.

வேறொருவராயிருந்தால் நிலத்தை உழுது வேறு பயிர் வைத்திருப்பார். கிரிம் பிழைத்து நின்ற செடிகளைக் காத்து, அவற்றின் விதையைச் சேர்த்து மீண்டும் விதைத்தார். மறு குளிரில் மீண்டும் இழப்பு, மீண்டும் சேகரிப்பு. இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தன. தக்கது நிலைக்கும் என்பதை விளக்கி சார்லஸ் டார்வின் நூல் வெளியிட்டது 1859-இல். அதே காலத்தில் ஓர் எளிய உழவர் தம் வயலில் அதைச் செயலில் காட்டிக்கொண்டிருந்தார்.

1863-இல் கடும் வறட்சி. அயலாரின் மாடுகள் மெலிந்திருக்க, கிரிமின் மாடுகள் கொழுத்திருந்தன. தானியம் போட்டீரோ என்று ஒருவர் கேட்டதாகவும், ஒரு மணியும் இல்லை, இந்தப் புல் மட்டுமே என்று அவர் விடை சொன்னதாகவும் கூறுவர். 1867-இல் அவர் மினியாபொலிஸ் நகரில் விற்ற விதை 480 பவுண்டு. அக்கம்பக்கத்து உழவரும் வாங்கி விதைத்தனர்.

1890-ஆம் ஆண்டு கிரிம் இறந்தார். அன்று அவர் ஒரு வட்டாரத்து உழவர், அவ்வளவே. அவருடைய பயிருக்குத் தனிப் பெயர்கூட இல்லை.

அதன் அருமையை உணர்ந்தவர் எக்செல்சியர் ஊரைச் சேர்ந்த ஆர்தர் லைமன். 1900-ஆம் ஆண்டளவில் அவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிஞர் வில்லெட் ஹேய்ஸிடம் இதைத் தெரிவித்தார். ஹேய்ஸ் ஆராய்ந்து, 'கிரிம் குதிரை மசால்' என்று பெயரிட்டார். வட அமெரிக்காவில் கடுங்குளிரைத் தாங்கிய முதல் குதிரை மசால் வகை இதுவே. மஞ்சள் பூப்பூக்கும் இன்னோர் இனத்தின் கலப்பும் அதில் இருந்ததைப் பின்னர் அறிஞர் கண்டனர். எனினும் அந்த வலிமையைப் பிரித்தெடுத்தது உழவரின் பொறுமையே. வடபகுதிச் சமவெளிகள் எங்கும், கனடாவிலும் அது பரவியது.

1924-இல் அவருடைய நிலத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1974-இல் அப்பண்ணை நாட்டின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. வேரைத் தாக்கும் வாடல் நோய்க்கு அவ்வகை ஈடுகொடுக்க முடியாததால், பின்னாளில் புதிய வகைகள் அதன் இடத்தைப் பிடித்தன. அதனால் கிரிமின் உழைப்பு வீணாகவில்லை. வடநாட்டு உழவருக்கு இப்பயிர் விளையும் என்னும் நம்பிக்கையைத் தந்தது அவர் விதைதான்.

நினைவுக்கல்லைக் கிரிம் காணவில்லை. காண வேண்டி உழைக்கவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்டுப்போனவற்றை எண்ணி அழாமல், பிழைத்தவற்றின் விதையைக் கையில் எடுத்தார். நம் பங்கிலும் அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். இந்த யூபிலி நாளில், கல்லில் பெயர் இல்லாத அவர்களை நம் செபத்தில் நினைப்போமாக. அவர்கள் விட்டுச் சென்ற விதையை நாமும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்வோமாக.