சிறையாளிக்கும் சோறு: ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தின் ஒரு பகுதியை மறுபடி வாசித்தல்

இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் நாள் வடலூரில் பசித்தவர்க்கு உணவிடத் தொடங்கிய தருமச்சாலைக்கு இதுவரை இரண்டு விளக்கங்கள் செல்வாக்குடன் இருந்து வருகின்றன. கிறித்தவ மிஷனரிகளின் தொண்டுப்பணிக்குச் சைவ உலகம் தந்த மறுமொழி அது என்பது ஒன்று. சமயங்களுக்குப் பொதுவான சன்மார்க்கக் கொள்கை முதலில் உருவாயிற்று, அதன் செயல்வடிவமே சாலை என்பது மற்றொன்று. இரண்டும் சாலையின் அடுப்பை வேறொன்றின் விளைவாகவே பார்க்கின்றன. அடிகளின் உரைநடை நூலான ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில், பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதியை நிதானமாக வாசித்தால் இவ்விரண்டு விளக்கங்களும் ஆட்டம் காணும்.

அந்தப் பகுதி ஒரு தடையை எதிர்கொள்கிறது. பசித்தவன் தன் முன்வினையால் பசிக்கிறான். அது கடவுள் விதித்த தண்டனை. அப்படியானால் அவனுக்குச் சோறிடுவது கடவுளின் ஆணையை மீறுவதாகாதா?

அடிகள் வினைக்கொள்கையை மறுக்கவில்லை. அரசனைச் சான்றாக வைத்து இரண்டு படிகளில் விடை சொல்கிறார். கொடிய குற்றம் செய்து விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். நரகத்தில் கிடக்கும் பாவிகளுக்கும் கடவுள் தம் பரிவார தேவர்களைக் கொண்டு அவ்வாறே செய்விக்கிறார். இது முதற்படி. சிறு குற்றத்துக்காக உத்தியோகம் பறிபோனவன் ஊர் ஊராக அலைகிறான். இரக்கமுள்ள குடும்பத்தார் அவனுக்கு உணவிடுகிறார்கள். அதைக் கேள்விப்படும் அரசன் அவர்கள்மேல் மகிழ்ச்சியே கொள்கிறான். இது இரண்டாம் படி.

அரசனை உவமையாக்குவது பழைய மரபு, இதில் புதுமையில்லை என்று சொல்லலாம். முதற்படியோடு வாதம் நின்றிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். இரண்டாம் படியில்தான் நூலின் உயிர் இருக்கிறது. அங்கே சோறிடுபவர் அரசனின் சேவகர் அல்லர். யாரும் ஏவாமல், தம் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சாதாரணக் குடிகள். தண்டிப்பது கடவுளின் வேலை, அந்தத் தண்டனையில் பங்கேற்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பதே இதன் பொருள். ‘அவன் தலைவிதி’ என்று கதவைச் சாத்துபவர், தமக்கு யாரும் தராத ஓர் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமய உரைநடையில் இத்தனை துணிவான வாதம் அரிது.

இந்தத் தடையை எழுப்புபவர் யார்? பாதிரியார் அல்லர். வினையையும் அதை விதிக்கும் கடவுளையும் நம்பும் சைவர், வைணவர் போன்றோரே இப்படிக் கேட்கக்கூடியவர்கள். மதமாற்றத்துக்குப் பதில் சொல்வது நூலின் நோக்கமாக இருந்திருந்தால் வாதத்தின் முனை வேறு பக்கம் திரும்பியிருக்கும். மிஷனரிப் பணியின் காற்று வடலூர் வரை வீசவே இல்லை என்பதல்ல இங்குள்ள வாதம். நூல் பேசுவது உள்வீட்டாரிடம் என்பது மட்டும் உறுதி.

கொள்கையே முதலில் வந்தது என்போருக்கு 1865இல் அடிகள் தொடங்கிய சங்கம் நல்ல சான்று. ஆனால் அதன் முதற்பெயர் சமரச வேத சன்மார்க்க சங்கம். வேதம் நீங்கி, சுத்த சன்மார்க்கம் என்னும் பெயர் 1872இல்தான் வந்தது. சத்திய ஞான சபையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. சமயங்களையும் மதங்களையும் விட்டுவிடச் சொல்லும் பேருபதேசம் மேட்டுக்குப்பத்தில் நிகழ்ந்தது 1873இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சாலையில் எல்லாருக்கும் பொதுவாக உலை ஏறிவிட்டது. எல்லா உயிர்களும் ஒரே கடவுளின் படைப்பு, ஆகவே உடன்பிறப்புகள் என்று நூல் சொல்வது உண்மைதான். அது உயிர்களைப் பற்றிய கொள்கை. சமயங்களின் ஒற்றுமை பற்றிய கொள்கை அன்று. வந்தவரின் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் பார்க்காமல் பசியை நீக்கச் சொல்லும் நூல், சமயங்கள் தமக்குள் உடன்படும் வரை காத்திருக்கவில்லை.

சாலைக்குப் பஞ்சமே காரணம் என்ற கருத்தை நீட்டி மறுக்க வேண்டியதில்லை. 1876–78 பெரும்பஞ்சம் வந்தபோது அடிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் மறைந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1866இன் தட்டுப்பாடு தூண்டியிருக்கலாம். ஆனால் நூல் மனத்தில் வைத்திருப்பது பஞ்சக் கூட்டத்தை மட்டுமன்று, கேட்க வெட்கப்பட்டுப் பசியை வயிற்றுக்குள் மறைக்கும் மானமுள்ளவரையும்தான். மணிமேகலையின் அமுதசுரபியை மூலமாகக் காட்டுவதும் வலுவற்றது. உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1898இல்தான் வெளிவந்தது. அடிகள் சுவடியில் படித்திருப்பார் என்பது ஊகம்.

நாவலர் பற்றிய எதிர்வாதம் கனமானது. அடிகளின் பாடல்களான அருட்பாவைக் கடுமையாக மறுத்த ஆறுமுக நாவலரும் 1870களின் பஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். அப்படியானால் சோறிடுவதற்கு மரபுச் சைவமே போதுமே, புதிய வாதம் எதற்கு? நாவலரின் தொண்டு பெரிது, அதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அது நெருக்கடிக் காலத் தொண்டு. வடலூர் நாளும் எரியும் அடுப்பைக் கேட்டது. பஞ்சத்தில் எவர் மனமும் இளகும். விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில், பக்கத்துத் தெருவில் ஒருவன் மட்டும் பட்டினி கிடக்கும்போதுதான் வினையைக் காரணம் காட்டும் பேச்சு எழுகிறது. அரசனைக் கொண்ட உவமை அந்தப் பேச்சுக்கு விடை.

அடிகள் எல்லாரையும் ஒன்றாகவே வைத்தார் என்று சொல்லவும் முடியாது. கொலையும் புலாலும் விடாதவர்களை அருட்பாவின் ஆறாம் திருமுறையில் புறவினத்தார் என்று பிரிக்கிறார். இந்தக் கோட்டை மழுப்பும் சமரச விளக்கங்கள் அடிகளுக்கு நியாயம் செய்யவில்லை. அதே இடத்தில், அவர்களுக்கும் பசியை மட்டும் நீக்கச் சொல்கிறார். உடன்பாடு இல்லை, உறவும் இல்லை, சோறு மட்டும் உண்டு. பல சமயத்தார் கூடி வாழும் ஊரில் கருத்தொற்றுமையைவிட இது எளிதில் கைகூடும் ஏற்பாடு.

சமய நல்லிணக்க ஆய்வுகள் அடிகளின் பாடல்களை முன்னிறுத்தி, உரைநடையைப் பின்னிணைப்பாக நடத்துகின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டும். ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தை முதலிலும் 1872, 1873 ஆண்டுகளின் அறிவிப்புகளை அதன் பின்னும் வைத்து ஆய்வாளர்கள் மறுபடி படிக்க வேண்டும்.