ஏலம்: ஒரு சொல்லும் அது கைமாற்றிய ஆட்டக்காரர்களும்

ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏலக்காய் நம் மேற்கு மலையில் விளைந்தது. ஏலம் கப்பலேறி வந்தது. போர்த்துகீசியர் பொதுவிற்பனையை 'லெய்லாவ்' என்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இதையே மூலமாகக் காட்டுகிறது. சன்னல், அலமாரி, சாவி, மேஸ்திரி, பீப்பாய் எல்லாம் வந்த அதே வழியில், போர்த்துகீசியர் வந்த 1498க்குப் பிறகு கடற்கரை ஊர்களில் இறங்கி உள்நாட்டுக்கு நடந்த சொல் இது.

மலையாளத்தில் அது 'லேலம்'. முதலெழுத்து அப்படியே நின்றுவிட்டது. தெலுங்கில் 'வேலம்', மராத்தியில் 'லிலாவ்', இந்தியில் 'நீலாம்'. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் லங்கை இலங்கையானது, லோகம் உலகமானது. இந்தச் சொல்லுக்கோ நம் நாக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்க்கவில்லை, லகரத்தையே உதிர்த்துவிட்டது. சிங்களவர்கள் போர்த்துகீசியரை விட்டு டச்சுக்காரரிடம் கடன் வாங்கி 'வெந்தேசி' என்கிறார்கள். கன்னடர் 'ஹராஜு' என்கிறார்கள், அது அரபு மூலம் கொண்ட சொல்.

போர்த்துகீசியச் சொல்லுக்கும் வேர் அரபுதான் என்பது மொழியறிஞர் கருத்து. 'அல்-இஃலாம்' என்றால் அறிவித்தல், எல்லோருக்கும் தெரியப்படுத்துதல். அறிவைக் குறிக்கும் 'இல்மு' இதே வேரில் பிறந்தது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் மார்க்கம் கற்றவரைச் சொல்லும் 'ஆலிம்' என்பதும் இதன் உடன்பிறப்பு. ஆக, ஏலம் என்ற சொல்லின் கருவில் பணம் இல்லை, விலை இல்லை, போட்டிகூட இல்லை. ஊரறியச் சொல்வது ஒன்றுதான் இருக்கிறது. கடல் தாண்டி இரண்டு மொழி மாறியும் அந்தப் பொருள் தமிழில் சாகவில்லை. தெருவில் நின்று ஒருவரை ஓயாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "எதுக்கு என் பேரை ஏலம் போடுற?" என்று கேட்கிறோமே, அங்கே விற்பனை எங்கே இருக்கிறது? அரபுப் பாட்டன் பேசுகிறான்.

உத்திரமேரூர் வட்டாரத்தில், எங்கள் ராஜகுளம் பக்கத்தில், ஏலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏரியும் புளியமரமும்தான். மீன்பாசி ஏலம், புளி மகசூல் ஏலம், சீமைக்கருவேல் வெட்டும் ஏலம். முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள், இப்போது நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். டேவணி என்ற முன்பணம் கட்டியவர்கள் மட்டும் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறோம், கவனியுங்கள். விற்பவர் ஏலம் 'விடுகிறார்', வாங்க வந்தவர் ஏலம் 'கேட்கிறார்', முடிவில் ஒருவர் 'எடுக்கிறார்'. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று இழுத்து இழுத்துச் சொல்வது சடங்குக்காக அல்ல. கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று அறிவிப்பதற்காக. இதை ஊரார் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் முந்தின இரவே கூடிப் பேசி, ஒருவர் மட்டும் குறைந்த விலைக்குக் கேட்பது, மற்றவர் வாயை மூடிக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டால் 'சிண்டிகேட் போட்டுட்டாங்க' என்று ஊரே வயிறெரிகிறது. குறைந்த விலைக்குப் போனது ஒரு கோபம் என்றால், தெரியாமல் முடிந்தது அதைவிடப் பெரிய கோபம்.

போர்த்துகீசியர் வருமுன் நம்மிடம் இந்தச் சொல் இல்லையே தவிர, செயல் இருந்தது. சோழர் பாண்டியர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. இதை வாங்குவார் உண்டா என்று விற்பவர் முதலில் குரல் கொடுக்கிறார். அதற்கு 'முற்கூறல்' என்று பெயர். அதைக் கேட்டவர் 'எதிர்மொழி' கொடுக்கிறார். பிறகுதான் விலை இசைகிறது.  பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் 'இராசராசப் பெருவிலை' என்றொரு தொடரும் உண்டு. துரோகிகள் என்று அறிவிக்கப்பட்டவரின் நிலத்தை அரசு பொதுவில் விற்றதை அது குறிக்கிறது. அறிஞர்கள் அதை ஏலம் என்றே கொள்கிறார்கள். பெருவிலை! எத்தனை நேரான சொல். அது வழக்கில் நிலைக்காமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது குடவோலையை. முதல் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடும்பு என்ற ஊர்ப் பிரிவுகள் முப்பது, ஓலையில் எழுதிய பெயர்கள், ஒரு குடம், ஓலையை எடுக்க ஒரு சிறுவன். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஒரு பொருளுக்கோ பதவிக்கோ பலர் நிற்கும்போது யாருக்குத் தருவது என்பதற்கு மனிதர் கண்ட முக்கிய வழிகள் மூன்று. குடவோலை போலக் குலுக்கிப் போடுவது ஒன்று, அதிகம் தருகிறவருக்குக் கொடுப்பது இரண்டு, முறை வைப்பது மூன்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் போடும் சீட்டிலேயே குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு என்று முதலிரண்டும் பிரிந்து கிடக்கின்றன. மூன்றாவது வழி ஏரித் தண்ணீரில் இருக்கிறது. மதகு திறந்தால் யார் வயலுக்கு முதலில், யார் வயலுக்குப் பிறகு என்று முறைத் தண்ணீர் வைப்பார்கள். காசு உள்ளவன் என்பதற்காக ஒருவன் முறையைத் தாண்ட முடியாது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இன்று 'ஏலம்' என்ற சொல் அதிகம் புழங்கும் இடத்தைப் பேச முடியும். சிறுவர்கள் ஏலம் என்ற சொல்லை இப்போது ஏரிக்கரையில் கற்றுக்கொள்வதில்லை, ஐபிஎல்லில் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் ஐபிஎல் ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்தது. தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. மறுநாள் நாளிதழ்கள் 'ஏலம் போனார்' என்று எழுதின. மாடும் மரமும் ஏலம் போன ஊரில் மனிதன் ஏலம் போனான் என்று படித்தபோது பலருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அங்கே தினமும் காலையில் நடந்த லெய்லாவைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபுக் குதிரைகளோடும் மணப்பொருள்களோடும் அங்கே அடிமைகளும் விற்கப்பட்டார்கள். இந்தச் சொல் நம் கரைக்கு வந்த காலத்தில் மனிதரும் அதற்குள் ஒரு சரக்கு. ஆட்டக்காரர் ஏலத்தில் விலை போவது அவரல்ல, அவரோடு ஒப்பந்தம் செய்யும் உரிமைதான், அவரே விரும்பிப் பெயர் கொடுக்கிறார் என்பது சரிதான். ஆனால் அமெரிக்கப் பேஸ்பாலில் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர், 1969இல் தன்னைக் கேட்காமல் செயின்ட் லூயிஸ் அணி தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, தான் ஒரு சொத்து அல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதி வழக்குக்குப் போனார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்டவாழ்க்கை அதற்கு முந்தின ஆண்டே முடிந்துவிட்டிருந்தது. சில ஆண்டுகளில், ஆட்டக்காரரை அணியோடு கட்டிவைத்த அந்த விதியே தளர்ந்தது. ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அணி மாற்றக் கூடாது என்று இன்று ஐபிஎல்லில் இருப்பதை எளிதாக வந்த ஒன்றாக நினைக்கக் கூடாது.

ஏலத்தில் எல்லோர் கண் முன்னாலும் பலகை உயர்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2017இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் நட்சத்திரங்கள் அணி மாறும் இன்னொரு வழி ஏலமல்ல, 'டிரேடு' என்று சொல்லும் கைமாற்றம். 2009இல் ஜாகீர் கானும் ராபின் உத்தப்பாவும் மும்பைக்கும் பெங்களூருக்கும் இடையே மாறியது தொடக்ககால உதாரணம். 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனார். அவர் தலைமையில் குஜராத் 2022இல் கோப்பை வென்றது, 2023இல் இறுதிவரை வந்தது. அவருடைய சம்பளம் 15 கோடி என்று நமக்குத் தெரியும். அவரை விட்டுக்கொடுக்க குஜராத்துக்கு மும்பை கொடுத்த தொகையை இரு அணிகளும் வெளியிடவில்லை. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். 2012இல் சென்னை அணியில் சேர்ந்த ஜடேஜாவும், கூடவே சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. இரண்டு அணிகள் பேசின, சம்பந்தப்பட்டவர்கள் ஒப்பினார்கள், முடிந்தது. மற்ற எட்டு அணிகளையும் கூப்பிட்டு, இவரைக் கேட்பார் உண்டா என்று சொல்ல வேண்டும் என விதியில் இல்லை. முற்கூறல் இல்லாத விற்பனை.

பேஸ்பாலில் இந்த முற்கூறலுக்கு ஒரு விதி பல்லாண்டு இருந்தது. 'வெய்வர்' என்பார்கள். விவசாயக் கடன் தள்ளுபடி என்கிறோமே, அந்தத் தள்ளுபடிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். உரிமையைத் தானே கைவிடுவது. ஜூலை 31 வரை அணிகள் தாராளமாக ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஆகஸ்டில் அப்படி முடியாது. ஒருவரை மாற்ற வேண்டுமானால் முதலில் அவரை வெய்வரில் போட வேண்டும். அதாவது, இவரை எடுப்பார் உண்டா என்று மற்ற அணிகளைக் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை முறைப்படி போகும். அந்த ஆட்டக்காரர் ஆடும் லீகில் கடைசியில் கிடக்கும் அணிக்கு முதல் முறை, பிறகு மேலே மேலே, அதன்பின் மற்ற லீகுக்கு. முதலிடத்தில் நிற்கும் பணக்கார அணி தன் லீகில் கடைசியில் கேட்க வேண்டும். யாராவது கேட்டால், விடும் அணிக்கு மூன்று வழி: கேட்டவரோடு பேரம் பேசலாம், சம்பளச் சுமையோடு அப்படியே கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஒருவரும் கேட்காவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

பருவத்தின் கடைசியில், தோற்று ஓய்ந்த அணி தன் சிறந்த ஆட்டக்காரரைக் கோப்பைக்குப் போட்டியிடும் அணியின் கையில் வைத்துவிட்டால் பந்தயமே கோணிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த முறை. நட்சத்திரங்கள் விஷயத்தில் அது விசித்திரமாக வேலை செய்தது. சம்பளம் குறைந்த நல்ல ஆட்டக்காரரை உடனே யாரோ கேட்டுவிடுவார்கள், அவர் நகர முடியாது. பெரிய சம்பளம் வாங்குபவரைக் கேட்க எல்லோருக்கும் பயம். விளையாட்டாகக் கேட்டு, விடும் அணி 'எடுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டால் அத்தனை கோடியும் தலையில் விழும். 1998இல் சான் டியேகோவுக்கு அதுதான் நேர்ந்தது. ராண்டி மையர்ஸ் அட்லாண்டாவுக்குப் போய்விடக் கூடாதே என்று குறுக்கே கேட்டது. டொரான்டோ மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டது. ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட சுமை வந்து சேர்ந்தது. 2017இல் ஜஸ்டின் வெர்லாண்டரின் ஆண்டுச் சம்பளம் 2 கோடியே 80 லட்சம் டாலர். அதனாலேயே அவரை யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 31 நள்ளிரவு நெருங்கும்போது டெட்ராய்ட் அவரை ஹூஸ்டனுக்கு மாற்றியது. மாற்றத்தை மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது, அவர் சம்மதித்தார். அந்த ஆண்டே ஹூஸ்டன் தன் முதல் உலகத் தொடர் கோப்பையை வென்றது. வெய்வர் பட்டியல் அணிகளுக்குள் மட்டும் சுற்றும், ரசிகருக்குத் தெரியாது என்ற குறை இருந்தது. உண்மையில் யாரை மாற்ற விரும்புகிறோம் என்பதை மறைக்க அணிகள் ஏறத்தாழ எல்லோரையும் பட்டியலில் போட்டதும் உண்டு. 2019 முதல் ஆகஸ்டுக் கைமாற்றத்தையே எடுத்துவிட்டு, ஜூலை முடிவோடு ஒரே கெடு என்று ஆக்கிவிட்டார்கள்.

ஐபிஎல்லில் இதற்குக் கிட்டே வருவது 'ரைட் டு மேட்ச்' அட்டை. பழைய அணிக்கு முன்னுரிமை, ஆனால் ஏலக் கூடத்தில், எல்லோர் முன்னிலும். 2024 நவம்பரில் ரிஷப் பந்தை லக்னோ 20.75 கோடி வரை கேட்டது. டெல்லி அட்டையை நீட்டியது. லக்னோ ஒரே தாவலில் 27 கோடி என்றது, டெல்லி விட்டுவிட்டது. ஒவ்வொரு அடியும் கண் முன்னால் நடந்தது. அந்த ஏலம் நடந்த ஊர் ஜெத்தா. 2023 டிசம்பர் ஏலம் துபாயில், 2025 டிசம்பர் ஏலம் அபுதாபியில். அரபு வேரில் பிறந்த சொல் அரபு மண்ணிலேயே கூவப்பட்டது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பெரிய மகிழ்ச்சி தந்தது.

தமிழ்நாடு பிரீமியர் லீக் முதலில் முறை வைத்துத்தான் நடந்தது. அணிகள் வரிசைப்படி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தன. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதன்முறையாக ஏலத்துக்கு மாறினார்கள். சாய் சுதர்சனைக் கோவை 21.60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் அவர் சம்பளம் 20 லட்சம். முறை இருந்தால் பின்தங்கிய அணிக்கு நல்லது, ஏலம் இருந்தால் ஆட்டக்காரருக்கு நல்லது. இரண்டில் எது மேல் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் கைமாற்றத்தை இரண்டில் எதோடும் சேர்க்க மாட்டேன். ஐபிஎல் ஒவ்வொரு டிரேடுக்கும் முன்னால் மற்ற எட்டு அணிகளுக்கும், கடைசி இடத்திலிருந்து தொடங்கி, ஒருமுறை கேட்கும் வாய்ப்பைத் தர வேண்டும். கைமாறிய தொகையை ரூபாய் கணக்கில் வெளியிட வேண்டும். எங்கள் ஊராட்சியில் ஒரு புளியமரத்தின் மகசூல் எவ்வளவுக்குப் போனது என்பதை நோட்டீஸ் பலகையில் பார்க்க முடிகிறது. ஒரு அணித்தலைவர் எவ்வளவுக்குப் போனார் என்பதையும் ரசிகர் அப்படியே பார்க்க முடிய வேண்டும்.