மதிப்புச் சொல்லும் மன்னர் ஆணையும்

ஒருவரை இன்னவாறுதான் விளித்தல் வேண்டுமென அரசாணையால் வரையறுக்க இயலுமா? ஸ்பானிய மொழியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

ஸ்பானிய மொழியில் ஆடவரின் இயற்பெயருக்கு முன் 'தோன்' என்றும், பெண்டிரின் இயற்பெயருக்கு முன் 'தோன்யா' என்றும் மதிப்புச் சொற்கள் வரும். தலைவன் எனப் பொருள்படும் 'தோமினுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இவற்றின் மூலம். முற்காலத்தில் அரசரும் உயர்குடியினருமே 'தோன்' என்னும் பட்டத்திற்கு உரியராயினர். 1492ஆம் ஆண்டில் கடற்பயணம் புறப்படவிருந்த கொலம்பசுக்கு அரச குடும்பத்தார் வழங்க இசைந்த சிறப்புகளுள் இதுவும் ஒன்று எனின், அதன் பெருமை விளங்கும்.

அரிதாய பொருளை அனைவரும் விரும்புதல் இயல்பன்றோ? பட்ட ஆசை பெருகிற்று. மடல்களில் அடைமொழிகள் நீண்டன. அதனைக் கட்டுப்படுத்த மன்னர் இரண்டாம் பிலிப் 1586இல் ஓர் ஆணை பிறப்பித்தார். தமக்கு எழுதும் மடலின் முகப்பிலும் 'சென்யோர்' என்னும் ஒரு சொல்லே அமையும் என்றார். 'மூத்தவர்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது.

ஆணையால் ஆசை அடங்கவில்லை. செர்வாந்தெஸ் 1605இல் வெளியிட்ட புதினத்தில், சிறுநிலமுடைய ஓர் எளிய பெருமகன் தனக்குத்தானே 'தோன்' பட்டம் சூட்டிக்கொண்டு 'தோன் கிஹோத்தே' ஆகின்றான். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஊரார் அதனை எள்ளுகின்றனர்.

'தங்கள் அருள்' எனப் பொருள்தரும் 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்னும் தொடரும் இவ்வாறே பரவியது. பலர் வாயிலும் வழங்கித் தேய்ந்து 'உஸ்தெத்' ஆயிற்று. முன்னிலையாரைச் சுட்டினும், இச்சொல் இன்றளவும் படர்க்கை வினையையே கொள்ளும். பழந்தொடரின் தடம் அது. லத்தீன் அமெரிக்காவில் சிறுவர் பலரை விளிக்கவும் இதன் பன்மையாகிய 'உஸ்தேதெஸ்' என்பதே வழங்குகின்றது.

பிறப்பால் வந்த பட்டங்கள் பொதுவுடைமையாக, கல்வியும் தொழிலும் புதிய பட்டங்களைத் தந்தன. மெக்சிகோவில் வழக்கறிஞர் முதலிய பட்டதாரிகளை 'லிசென்சியாதோ' என்றும், பொறியாளரை 'இன்ஹெனியேரோ' என்றும் அழைப்பர். 'மாஎஸ்த்ரோ' என்னும் சொல்லோ ஆசிரியருக்கும் உரியது. கைவினை வல்லாருக்கும் உரியது.

2005ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு, அமைச்சரையும் உயர் அலுவலரையும் விளிக்க, பதவிப் பெயருக்கு முன் 'சென்யோர்' அல்லது 'சென்யோரா' என்பதே முறை என விதித்தது. மன்னர் 1586இல் தமக்குப் போதும் என்ற சொல், அதற்குள் கடைத்தெருவிலும் யாவர்க்கும் பொதுவாகியிருந்தது. மதிப்புச் சொற்களை மாணாக்கருக்குக் கற்பிக்கும் நாம், எந்தச் சொல்லை எவருக்கு வழங்குவது என்பதோடு, அச்சொல் யாருடைய உடைமையாக இருந்து யாவருடைய உடைமையாயிற்று என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நலம்.