பாரதம் முடிந்த மறுநாள்

1990ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை, பி. ஆர். சோப்ரா தயாரித்துத் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய மகாபாரதத் தொடர் நிறைவெய்தியது. 1988 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அத்தொடர் 94 பகுதிகளாக ஞாயிறுதோறும் நடைபெற்றது. அந்தக் காலை வேளையில் கடைத்தெருக்கள் வெறிச்சோடியதை அந்நாளில் வாழ்ந்தோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் அக்காலத்தில் சிலவே. ஆதலின், அவ்வீடுகளின் கூடத்திலும் திண்ணையிலும் தெருவே வந்து அமர்ந்தது. உரையாடல் இந்தியில் இருந்தது. பார்த்தவருள் பலர் இந்தி அறியார். அதனால் ஒரு குறையும் நேரவில்லை. சகுனி காயை உருட்டும்போது என்ன நடக்கப் போகிறது என்பதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததா?

அத்தொடர் முடிந்த அடுத்த ஞாயிறு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒரு வேளையைத் தனதாக்கிக் கொண்ட கதை திடீரென்று விலகிக்கொண்டால், அவ்வேளை வெறுமையாகத்தானே கிடக்கும்? நாடெங்கும் மக்கள் அந்த வெறுமையை உணர்ந்தார்கள். ஆயினும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மக்களுக்குப் பாரதம் முடிவது புதிய அனுபவம் அன்று. அவர்களுடைய ஊர்களில் பாரதம் பல தலைமுறைகளாகத் தொடங்கி, வளர்ந்து, முடிந்து வருகிறது. அதனை எவ்வாறு முடிப்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு முறைமையே உண்டு.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் உருவானது. அதன் பெரும்பகுதி முன்னர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை எல்லை மாற்றங்களுக்கு நடுவிலும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் அந்நிலத்தில் திரௌபதி வழிபாடு இருபுறத்தாருக்கும் பொதுவாகவே இருந்து வருகிறது. திரௌபதி கோவிலை அங்கே தருமராஜா கோவில் என்று வழங்குவர். புத்தூரிலும் திருக்காளத்தியிலும் இன்னும் பல சிற்றூர்களிலும் இவ்விழா நடைபெறுகிறது. வயல்கள் ஓய்ந்திருக்கும் கோடையில் கொடி ஏறும். பதினெட்டு நாள் பாரதம். பகலில் கதை சொல்பவர் வந்து அமர்ந்து அரிகதையாகப் பாரதம் விரிப்பார், இரவில் கூத்து. அன்று பகலில் கேட்ட கதையையே அன்றிரவு கண்ணால் காணும்படி அமைத்த ஊர்களும் உண்டு.

பகாசுரனுக்குச் சோறு கொண்டு போகும் நாளில் வண்டி நிறையச் சோறும் பண்டமும் ஏற்றிக்கொண்டு வீமன் தெருவழியே வருவான். அருச்சுனன் தவம் செய்யும் நாளில், வேடம் புனைந்தவர் வானளாவ நட்ட தபசு மரத்தின் உச்சியில் ஏறி நின்று பாடுவார். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் வில்வ இலையையும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்து ஏற்பார்கள். விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. நடிப்பவர் யார், காண்பவர் யார் என்ற வேறுபாடு அங்கே இடையிடையே மறைந்துபோவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரில் அருச்சுனன் வில்லை வளைக்கும்போது நாம் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தோம்.

இனி முடிவுக்கு வருவோம். பதினெட்டாம் நாள் காலை, கோவில் வெளியில் துரியோதனனை மண்ணால் சமைத்துக் கிடத்துவார்கள். பல முழ நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் அவ்வுருவத்தின் மீதும் அதைச் சுற்றியும் கூத்தர்கள் வீமனாகவும் துரியோதனனாகவும் ஓடிப் பொருவார்கள். வீமன் கதையால் தொடையில் அடிக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிடும். திரௌபதி விரித்த கூந்தலை அப்போதுதான் முடிப்பாள். அதன்பின் ஒப்பாரி. பகைவன் மாய்ந்தான் என்று ஊர் மகிழ வேண்டிய நேரத்தில் அவனுக்காக அழுகை எழுகிறது. கேட்டு நிற்கும் பெண்களும் கண் துடைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் இறந்தவன் ஒரு தாயின் மகன் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே அந்த ஒப்பாரி உணர்த்தி விடுகிறது. அன்று மாலை தீமிதி. ஆட்டம் முடிந்த பிறகு மக்கள் அந்த மண்ணுருவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று வீட்டிலும் குதிரிலும் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு.

இதனோடு ஒத்த ஒன்று திருப்பதியிலேயே காணக் கிடைக்கிறது. தாத்தய்யகுண்டா கங்கம்மன் விழாவில், மக்கள் ஒரு வாரம் பலவித வேடம் பூண்டு தெருவில் திரிவார்கள். இறுதி நாள் விடியலில் அம்மனுக்குக் களிமண்ணால் பெரிய முகம் சமைத்து விசுவரூபம் காட்டி, பிறகு அம்முகத்தைக் கலைத்து விடுவார்கள். அம்மண்ணையும் மக்கள் பிரசாதமாகப் பெற்றுச் செல்வார்கள்.

பாரதக் கதை எங்கே முடிய வேண்டும் என்பது புலவர்களுக்கும் எளிதில் விடை கிடைக்காத கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. தமிழில் வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்தினார். சௌப்திக பருவத்தில், போர் ஓய்ந்த அளவில், அவருடைய நூல் முடிகிறது. கூத்துக்கு அதுவே போதும் போலும். ஆயினும் மனநிறைவு கொள்ளாத ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் தோன்றினார். நல்லாப்பிள்ளை என்னும் அப்புலவர் வில்லியின் பாடல்களையும் தம் நூலில் அமைத்துக்கொண்டு பதினெட்டுப் பருவங்களையும் பாடி முடித்தார். தெலுங்கில் நடந்தது இதனினும் சுவையானது. 11ஆம் நூற்றாண்டில் நன்னய்யர் தொடங்கிய பாரதம் ஆரணிய பருவத்தின் நடுவிலே நின்றுபோயிற்று. 13ஆம் நூற்றாண்டில் வந்த திக்கன்னர் விட்ட இடத்தைத் தொடாமல் விராட பருவத்திலிருந்து தொடங்கி இறுதிவரை பாடினார். இடையில் இருந்த இடைவெளியை எர்ரன்னர் 14ஆம் நூற்றாண்டில் நிரப்பினார். அடுத்த பகுதிக்காக மூன்று நூற்றாண்டு காத்திருந்த மக்கள் அவர்கள்! ஒரு வாரம் காத்திருக்கப் பொறாத நமக்கு இது வியப்பாகத்தான் தோன்றும்.

முடிவு எது என்பதைத் தொலைக்காட்சிக் காலத்திலும் தயாரிப்பாளர் மட்டுமே தீர்மானித்துவிடவில்லை. ராமானந்த சாகரின் இராமாயணத் தொடர் 1987 ஜனவரி 25ஆம் நாள் தொடங்கி 1988 ஜூலை 31ஆம் நாள் முடிந்தது. பட்டாபிஷேகத்தோடு கதை நிற்கும் என்று அறிந்தபோது, பஞ்சாபில் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது வேறு பல நகரங்களுக்கும் பரவியது. உத்தர காண்டமும் காட்டப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வால்மீகி முனிவரைத் தம் குலமுதல்வராகப் போற்றும் மக்கள் அவர்கள். சீதைக்குப் புகலிடம் தந்து, இலவனையும் குசனையும் வளர்த்த முனிவர் தோன்றுவது அக்காண்டத்திலேதான். அப்பகுதி இல்லாமல் முடியும் கதையில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் கருதியது முற்றிலும் நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அரசு இணங்கியது; உத்தர இராமாயணம் தனித்தொடராக வெளிவந்தது.

தொலைக்காட்சிப் பாரதத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதன் உரையாடல்களை எழுதிய ராஹி மாசூம் ராசா, காலத்தையே கதை சொல்லும் குரலாக நிறுத்தியது அரிய கற்பனை. எனினும் அந்தக் காலம் முகமற்ற குரல். நம் கூத்தின் கட்டியங்காரனோ ஊர்க்காரரைப் பெயர் சொல்லி அழைப்பான், கேலி செய்வான், அரசனையே மடக்குவான். தொடர் முடிந்தபோது வீமனைப் பற்றியும் கர்ணனைப் பற்றியும் பேச நமக்கு நிறைய இருந்தது. ஆனால் கையில் எடுத்துச் செல்ல ஒரு பிடி மண் இல்லை; பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தோம். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக நாடு வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது இவ்விரு தொடர்களும் மீண்டும் ஒளிபரப்பாயின. முப்பது ஆண்டுக்கு முன் திண்ணையில் கூடிப் பார்த்தவர்கள் இம்முறை அண்டை வீட்டார் இல்லாமல் தத்தம் வீட்டில் பார்த்தார்கள்.

தருமராஜா கோவிலில் தீமிதிக்கு மறுநாள் தருமருக்குப் பட்டாபிஷேகம். போரில் மாண்டவர் எல்லாரையும் நினைந்து வாடிய தருமர், ஊரார் முன்னிலையில் முடிசூடுகிறார். கூத்தர்கள் அரிதாரம் கலைத்து, ஆடை அணிகளைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பதினெட்டு நாள் ஊருக்குள் இருந்தவர்களை வழியனுப்ப, சோறும் துணியும் பணமுமாக வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள். கொடி இறங்குகிறது. மழை வந்தால் ஏர் பூட்ட வேண்டும். அடுத்த கோடைக்கு எந்தக் குழுவை அழைப்பது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிடுகிறது.