மேய்ச்சலும் மண்ணுயிரும்: பாலாற்றுப் புல்நிலங்களும் கொரங்காடும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வறண்ட புல்நிலங்களின் மண்வளம் குன்றுவதற்குக் கால்நடைகளின் எண்ணிக்கையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நிலம் பெற்றுவந்த ஓய்வு குறைந்ததும், சாணம் நிலத்தைவிட்டு அகன்றதும் அதற்கிணையான காரணங்கள் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முன்னுரை

பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையிலான பகுதி தோல் தொழிலால் அறியப்படுவது. தோல் பதனிடுதலின் வரலாறு பெற்ற கவனத்தை, கால்நடைகள் மேய்ந்த நிலத்தின் வரலாறு பெறவில்லை.

தொறுவும் நிலமும்

நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆம்பூர் நடுகற்கள், ஆநிரை கவர வந்த நுளம்பர் படையை எதிர்த்துப் பட்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. செங்கம் நடுகற்களும் தொறுப்பூசலைப் பேசுகின்றன. சோழர்காலக் கோயில்களில் ஒரு நந்தாவிளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனக் கொடையளிக்கப்பட்டன. இச்சான்றுகள் கால்நடையை எண்ணுகின்றன. அது மேய்ந்த நிலத்தைக் குறிப்பதில்லை. எனவே மண்ணின் நிலையை வழக்காறுகளின்வழியே உய்த்துணர வேண்டியுள்ளது. அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துதலும், மந்தையைப் பருவந்தோறும் இடம்பெயர்த்தலும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

மண்ணுயிரின் இயக்கம்

அளவாக மேய்ந்த புல் மீண்டும் துளிர்க்கிறது. அதன் வேர்க்கசிவு நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சாணவண்டுகள் சாணத்தை மண்ணுக்குள் புதைக்கின்றன. மண்புழுக்கள் ஆழத்தில் ஒடுங்கும் கோடையில் கறையான்கள் சருகையும் காய்ந்த சாணத்தையும் சிதைக்கின்றன. இடைவிடாது மேயும்போது புல்லின் வேர் சுருங்குகிறது. குளம்படியால் மண் இறுகுகிறது. மூடாக்கற்ற நிலம் வெப்பமேறி, மழைநீரை உள்வாங்காது வழியவிடுகிறது. ஆகவே மந்தையின் அளவோடு, அது ஓரிடத்தில் தங்கும் காலமும் மண்ணுயிரின் நிலையைத் தீர்மானிக்கிறது.

சட்டமும் சாணமும்

மண்புழுக்களின் பணியை விளக்கும் சார்லஸ் டார்வினின் நூல் 1881இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த காப்புக்காடுகளில் மேய்ச்சல், அனுமதிக்கும் கட்டணத்திற்கும் உட்பட்டது. மலைச்சரிவுக்கும் சமவெளிக்கும் இடையிலான மந்தைகளின் நடமாட்டம் குறுகியபோது, மேய்க்கால் புறம்போக்கின்மீதும் மந்தைவெளியின்மீதும் சுமை கூடியது. விறகு அரிதான இடங்களில் சாணம் வறட்டியாகி அடுப்பிற்குச் சென்றது. இந்திய வேளாண்மை குறித்த 1893ஆம் ஆண்டு அறிக்கையில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் இவ்விழப்பைச் சுட்டி, விறகுக்கும் தீவனத்திற்குமான காப்புநிலங்களை உருவாக்கப் பரிந்துரைத்தார். சாணம் மண்ணுக்குத் திரும்ப வேண்டுமாயின் அடுப்பிற்கு மாற்று எரிபொருள் வேண்டும் என்பது அவர் வாதம்.

கொரங்காடு

ஓய்வும் சாணமும் நிலத்திலேயே நிலைத்ததற்குக் காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு சான்றாகும். முள்கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம் ஆகியன இம்மேய்ச்சல் நிலத்தின் கூறுகள். நிலத்தை அடைப்புகளாகப் பிரித்துக் காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் மாற்றி மாற்றி மேய்ப்பர். நரிப்பயறு போன்ற பயறினங்களின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. ஆயின் கொரங்காடு பெரும்பாலும் தனியுடைமை நிலம். யாரை, எப்போது மேயவிடுவது என்பதை உடையவர் முடிவு செய்கிறார். நிலமற்ற மேய்ப்பர் நம்பியிருக்கும் புறம்போக்கில் அத்தகைய முடிவை ஊர் கூடியே எடுக்க இயலும்.

முடிவுரை

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதானது என்ற ஆய்வுக் கணக்கை எடுத்துரைத்தது. அக்கணக்கு விளைநிலத்தைப் பற்றியது. மேய்ச்சல் நிலம் இங்குத் தனித்துக் குறிக்கப்படவில்லை. மேய்க்கால் புறம்போக்கை முதலில் நில அளவைக்கும் மண்ணாய்வுக்கும் உட்படுத்தி, பின்னர் ஊர் ஒப்புதலுடன் அடைப்புகளாகப் பிரித்து முறைவைத்து ஓய்வளிப்பதே கொரங்காட்டு வரலாறு பொதுநிலத்திற்கு உணர்த்தும் வழியாகும். மேய்ப்பரை விலக்கி நிலத்தைக் காக்கும் முயற்சி, சாணத்தையும் சேர்த்தே விலக்கிவிடும்.