உண்டிவில்லும் உலைப்பானையும்

கவட்டைக் கிளை ஒன்று, ரப்பர் வார்கள் இரண்டு, கல்லைத் தாங்கத் தோல் துண்டு. உண்டிவில் இவ்வளவே! தொன்றுதொட்டு வந்த கருவி என்பர். அன்று! சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்தோர் சுழற்றி எறிந்தது கவண். அதில் ரப்பர் ஏது? சார்லஸ் குட்இயர் கந்தகமும் வெப்பமும் கொண்டு ரப்பரைப் பதப்படுத்தி 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இழுத்தால் நீண்டு, விட்டால் விசையுடன் சுருங்கும் உறுதியான வார் அதன் பின்னரே கிட்டிற்று. பெயர் மட்டும் பழையது. மண்ணுருண்டை எய்த உண்டைவில் தந்த பெயர். கம்பன் காவியத்தில் சிறுவன் இராமன் கூனியின் முதுகில் எய்ததும் அத்தகைய உண்டையே. அஃது அரண்மனை விளையாட்டாம்!

நரிக்குறவர் பலருக்கோ அது விளையாட்டன்று. புதரோரம் மூச்சடக்கி நின்று, கன்னம்வரை வாரை இழுத்து, காடை தலைதூக்கும் நொடியில் கல்லை விடுவர். குறி தப்பினால் அன்றிரவு உலை ஏறாது. வேட்டையாடியவர் அவர் மட்டுமா? 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் சிவிங்கிப்புலிகள் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார். பதிவான வரையில் இந்திய மண்ணின் கடைசிச் சிவிங்கிகள்! சடலங்களோடு படமும் எடுத்துக்கொண்டார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் திருத்தம் அதனை இறுக்கியது. காடையும் கவுதாரியும் காக்கப்பட வேண்டியவையே, மறுப்பாரில்லை. ஆனால் வில்லைப் பறித்த கை, ஏட்டையும் ஏரையும் உடனே நீட்டிற்றா? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 1965இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. சேர்த்தது 2023இல்.